கேட்பு

அட்லாண்டிஸ் மண்டபத்தில் மாலை ஐந்தரைக்குக்
கருத்துக் கேட்பு.
ஒருவருக்கு மூன்று நிமிடம்.
சுவரில் சிவப்பு எண்கள் கீழ்நோக்கி ஓடும்,
பூஜ்யத்தில் ஒரு கீச்சொலி.
நான் குறிப்பெடுப்பவள்.
மணிக்கு இவ்வளவு ரேண்ட், பெட்ரோல் தனி.
கருத்து சொல்ல எனக்கு அனுமதியில்லை.
வைத்திருக்கக் கூடாதென்று
ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

தெற்கே கடலோரம் கூபெர்க்.
இரண்டு உலைகள் இருக்கின்றன;
மூன்றும் நான்கும் வேண்டுமா என்று
நம்மைக் கேட்கிறார்களாம்.
நாற்காலிதோறும் வழவழப்பான கையேடு.
அதில் மூன்றும் நான்கும் நிற்கின்றன ஏற்கெனவே,
மணலில் விழும் நிழலோடு.

மகதலேனா செப்டம்பர் எழுந்தாள்.
அடிமைகளை இறக்கிய மாதத்தையே
பெயராய் ஒட்டிவிட்ட கரை இது.
ஸ்னூக் மீன் விற்கிறவள்.
"போன தடவை சைரன் சோதனை என் தெருவில் கேட்கவில்லை.
நிஜமாய் அடிக்கிற அன்றைக்கு
யார் வந்து கதவைத் தட்டுவீர்கள்?
பேரைச் சொல்லுங்கள்."
தலைவர் டெர்பிளான்ஷ் என் பேனாவைப் பார்த்தார்.
குறித்துக்கொள்ளப்பட்டது.

ம்சோலிசி. வெல்டிங் சான்றிதழைப்
பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்தவன்.
"கட்டுங்கள், நாளைக்கே கட்டுங்கள்.
எத்தனை பேருக்கு வேலை, எந்த ஊர்க்காரருக்கு,
அதை மட்டும் எழுத்தில் கொடுங்கள்."
குறித்துக்கொள்ளப்பட்டது.
கீச்.

மணி ஆறு.
அட்டவணை தவறாமல் கரண்ட் போனது.
இருட்டில் முதலில் சிரித்தது யாரென்று தெரியாது,
பிறகு மண்டபமே சிரித்தது,
மேடையிலிருந்த பொறியாளரும்தான்.
மைக் செத்தது. சிவப்பு எண்கள் செத்தன.
என் ஒலிப்பதிவுக் கருவியும் அதே பிளக்கில்.

யாரும் போகவில்லை.
அப்போதுதான் பேச ஆரம்பித்தார்கள்.

நமக்வாலாந்திலிருந்து வந்திருந்த கட்ரீனா
கையேட்டை ஃபோன் வெளிச்சத்தில் வாசித்தாள்:
"கழிவு ஆளில்லாத நிலத்தில் புதைக்கப்படும்."
நிறுத்தினாள்.
"நான் அங்கிருந்துதான் வருகிறேன்.
பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்.
ஆள்."

பொறியாளர் மேடையிலிருந்து இறங்கி
எங்கள் வரிசையில் உட்கார்ந்தார்.
"என் மகள் தூங்குவது உலைக்கு நாலு கிலோமீட்டரில்.
உலையைக் கண்டு எனக்குப் பயமில்லை.
விலையைப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கிறார்களே,
அதைக் கண்டுதான். எனக்கும் காட்டவில்லை."

பிறகு ஒரு குரல்.
பாதி வாக்கியத்தில்தான் தெரிந்தது, என்னுடையது:
"வீட்டில் என் கணவரின் ஆக்சிஜன் இயந்திரம்
இப்போது பேட்டரியில் ஓடுகிறது.
மூன்று மணி நேரம் தாங்கும்.
எங்கிருந்து வந்தாலும் சரி, மின்சாரம் வந்தால் போதும்
என்று கிடக்கும் இரவுகள் எனக்கு உண்டு.
அந்த இரவுகளில் என்னிடம்
கையெழுத்து வாங்காதீர்கள்."

எட்டரைக்கு விளக்கு வந்தது.
எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
மறுபடி அந்நியரானோம்.
யாருமே இல்லாத மைக்குக்கு
மூன்று நிமிடம் ஓடத் தொடங்கியது.

"மிஸ் நாயக்கர், எழுதுங்கள்:
ஆறிலிருந்து எட்டரை வரை மின்தடை.
நடவடிக்கை எதுவும் இல்லை."

டர்பனில் சனிக்கிழமை வகுப்பில்
நான் கற்றது கொஞ்சம் தமிழ்.
அதில் கேட்பதற்கு இரண்டு வேலை:
வினா எழுப்புவது, காது கொடுப்பது.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
எப்படிச் சமாளித்தார்களோ என்று அப்போது தோன்றும்.
இந்த அதிகாரிகளுக்குச் சொல் இரண்டு இருக்கிறது,
ஒன்றைத்தான் எடுத்துவந்தார்கள்.

சொன்னபடியே தட்டச்சினேன்.
மின்தடை. நடவடிக்கை எதுவும் இல்லை.
காற்புள்ளிகூட மாற்றவில்லை.

இருட்டில் பென்சிலால் கிறுக்கியது பதினோரு பக்கம்,
வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறது.
அதை நகலெடுத்து, பக்க எண் போட்டு,
வாகன நிறுத்துமிட ரசீதுகளுக்கும்
வருகைப் பட்டியலுக்கும் நடுவே செருகினேன்:
பின்னிணைப்பு ஏழு.

பின்னிணைப்பை யாரும் படிப்பதில்லை.
அதனால்
யாரும் அதை நீக்குவதுமில்லை.